பெட்டகத்தின் சாவி எங்கே இருக்கிறது?

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹாஷிகார்ப் என்னும் அமெரிக்க நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன்னிடமிருந்து பதிவிறக்கப்படும் மென்பொருள்கள் அசலானவையே என்று சான்று கூறும் கையொப்பத் திறவுகோல் அயலார்க்கு வெளிப்பட்டுவிட்டது; அது தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு அறிகுறி இல்லையெனினும் அதை விலக்கிப் புதியதொன்றை வழங்குகிறோம் என்பது அவ்வறிவிப்பின் சாரம். இதே நிறுவனம்தான் 2015ஆம் ஆண்டில் 'வால்ட்' என்ற மென்பொருளை வெளியிட்டது. வால்ட் என்றால் பெட்டகம். பிற நிறுவனங்களின் கடவுச்சொற்களையும் திறவுகோல்களையும் பூட்டிக் காப்பதே அதன் தொழில். பெட்டகம் செய்பவன் வீட்டுச் சாவியே தெருவுக்கு வந்துவிட்டது என்றால் பெட்டகம் பழுது என்று பொருளா? இல்லை. பெட்டகத்தில் ஒரு கீறலும் விழவில்லை. சாவி பறிபோனது வேறோர் இடத்தில். மென்பொருளைத் தானாகவே கட்டித் தரும் எந்திரத் தொடருக்குள், வேறொரு நிறுவனம் எழுதிய சிறு நிரலொன்றின் வழியாக அது வெளியேறியது.

பெட்டகம் வாங்கிவிட்டால் இரகசியம் காக்கப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை இன்று மென்பொருள் உலகில் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கை பிழை என்பது என் துணிபு. இரகசியம் இருக்கும் இடத்தைக் காட்டிலும் அது நடந்து செல்லும் வழியே ஆபத்தானது. அவ்வழியைச் சீர்செய்யாமல் பெட்டகத்தின் கதவுக்கு மட்டும் இரும்புப் பட்டை அடிப்பது வீண் செலவு.

இலக்கிய வாசகனுக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நம் வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் பயணச்சீட்டும் அந்த எந்திரத் தொடர்கள் கட்டி அனுப்பும் மென்பொருளுக்குள்தான் இருக்கின்றன. நம் வீட்டுச் சாவி பிறர் கையில் இருக்கும்போது, அவர் அதை எப்படி வைத்திருக்கிறார் என்று கேட்பதற்குத் தச்சுவேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. என்னிடம் தமிழ் படித்துவிட்டு இத்தொழிலுக்குப் போன மாணவர்கள் சிலரோடு பேசியும், நிறுவனங்கள் தாமே வெளியிட்ட விபத்து விளக்கங்களைப் படித்தும் நான் அறிந்துகொண்டதை இங்கே தொகுத்துக்கொள்கிறேன்.

*

முதலில் அந்த எந்திரத் தொடரைப் பற்றிச் சில சொற்கள். நிரலாளர் ஒருவர் தம் மூலநிரலில் ஒரு திருத்தம் செய்து பொதுச் சேமிப்பில் சேர்க்கிறார். சேர்த்த மறுநொடியே எங்கோ ஒரு கணினி விழித்துக்கொள்கிறது. மூலநிரலை எடுக்கிறது, தேவையான துணை நிரல்களை இணையத்திலிருந்து இறக்குகிறது, சோதிக்கிறது, கட்டுகிறது, முடிந்ததைப் பயனாளர்கள் இருக்கும் சேவையகத்தில் கொண்டுபோய் நிறுவுகிறது. பிறகு அந்தக் கணினியே கலைக்கப்படுகிறது. இந்த ஓட்டத்தைத் தொழிலில் 'பைப்லைன்' என்பார்கள். நாளைக்கு நூறு முறைகூட இது நடக்கும். ஒரு மனிதரும் அருகில் இருக்கமாட்டார்.

மனிதர் இல்லாத இடத்தில் வாசல்கள் திறக்க வேண்டியிருக்கிறது. தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல் வேண்டும். கிளவுட் சேவைக்கு அணுகுசாவி வேண்டும். முடிந்த மென்பொருளில் முத்திரையிடக் கையொப்பத் திறவுகோல் வேண்டும். இவை அனைத்தையும் அந்த எந்திரத்திடம் யாராவது கொடுத்தாக வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் எல்லாத் தொல்லைகளும் பிறக்கின்றன.

தொடக்ககாலத்து வழக்கம் எளிமையானது: கடவுச்சொல்லை மூலநிரலுக்குள்ளேயே எழுதிவிடுவது. அதன் விலையை டொயோட்டா நிறுவனம் 2022 அக்டோபரில் சொன்னது. அதன் கார்களோடு இணைந்த 'டி-கனெக்ட்' சேவையின் மூலநிரலில் ஒரு பகுதி, அணுகுசாவியோடு சேர்த்து, 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிட்ஹப் தளத்தில் எவரும் பார்க்கும்படி கிடந்திருக்கிறது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அந்தச் சாவிக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அதை எவரும் கவனிக்கவில்லை.

மூலநிரலில் எழுதியதைப் பின்னர் நீக்கிவிட்டால் போதாதா? போதாது. மூலநிரலைக் காக்கும் கிட் முறை ஒவ்வொரு பழைய வடிவத்தையும் நினைவில் வைத்திருக்கும். சுவடி பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எழுத்தாணியால் கீறியதை ஓலையிலிருந்து அழிக்க முடியாது, அடிக்கத்தான் முடியும். அடித்த பாடத்தையும் பதிப்பாசிரியர் படித்துவிடுவார். ஆகவே ஒருமுறை வெளியே எழுதப்பட்ட கடவுச்சொல்லுக்கு ஒரே பரிகாரம் அதைச் செல்லாததாக்கிப் புதியதை வழங்குவதுதான்.

பூட்டிய வீட்டுக்குள் எழுதினால் ஆகாதா என்றால், அதற்கு ஊபர் நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு அனுபவம் பதில். கிட்ஹப்பில் அதன் பொறியாளர்களின் தனிப்பட்ட சேமிப்புக்குள் நுழைந்தவர்கள் அங்கே அமேசான் கிளவுடின் அணுகுசாவியைக் கண்டெடுத்தார்கள். 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் அவர்கள் கைக்குப் போயின. நிறுவனம் திருடர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாயை மூடியது. 2017 நவம்பரில்தான் உலகுக்குச் சொன்னது.

*

இத்தகைய அனுபவங்களுக்கு விடையாக வந்தவையே 'சீக்ரெட்ஸ் மேனேஜர்' என்று வழங்கும் இரகசியப் பெட்டகங்கள். ஹாஷிகார்ப்பின் வால்ட் ஒன்று. அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் ஆகியவற்றின் கிளவுட் பெட்டகங்கள் மற்றவை. இரகசியங்கள் ஓரிடத்தில் மறையாக்கம் செய்து வைக்கப்படும். யார் எதைக் கேட்கலாம் என்று விதி எழுதப்படும். யார், எப்போது, எதைக் கேட்டார் என்ற கணக்கும் இருக்கும். வால்ட்டின் இயல்பான அமைப்பில் அதைத் திறக்கும் திறவுகோலே ஐந்து கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. எவையேனும் மூன்று சேர்ந்தால்தான் பூட்டுத் திறக்கும். 1979இல் அதி ஷமீர் என்ற கணித அறிஞர் கண்ட முறை அது. கோயில் நகைப் பெட்டகத்துக்குப் பல பூட்டுகள் இட்டுச் சாவிகளைப் பலரிடம் பிரித்து வைக்கும் நம்மூர் வழக்கத்தின் கணித வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பெட்டகத்திடம் கடவுச்சொல் கேட்கும் எந்திரம், தான் உரியவன் என்று எப்படி நிறுவும்? அதற்கு ஒரு கடவுச்சொல் கொடுக்கிறோம். அந்தக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது? சாவிக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஒரு சாவி. அதை வைக்க இன்னொரு பெட்டி. இந்த முடிவிலிச் சங்கிலியில் கடைசிச் சாவி எப்போதும் ஏதோ ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கற்பனை என்று இதைத் தள்ள வேண்டாம். 2022 செப்டம்பரில் ஊபர் மீண்டும் ஊடுருவப்பட்டது. உள்ளே நுழைந்தவர் கூறியதாக அப்போது வெளிவந்த செய்தி இது: நிறுவனத்தின் உள் வலைப்பின்னலில் பொதுவாகப் பகிரப்பட்ட ஓரிடத்தில் ஒரு சிறு நிரல் இருந்தது, நிறுவனத்தின் கடவுச்சொற்களை எல்லாம் காத்த பெட்டகத்தின் நிர்வாகக் கடவுச்சொல் அந்த நிரலுக்குள் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. பெட்டகத்தைத் திறந்தவருக்கு மற்ற வாசல்களைத் தட்டவேண்டிய தேவையே எழவில்லை. 2016க்கும் 2022க்கும் இடையில் பெட்டகம் வந்தது. சாவியை நிரலில் எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை.

*

இனி, ஹாஷிகார்ப்பின் சாவி எப்படிப் போயிற்று என்று பார்ப்போம். கோட்கவ் என்றொரு நிறுவனம். நிரலின் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டிருக்கிறது என்று அளந்து சொல்வது அதன் சேவை. அதற்காக அது அப்போது ஒரு சிறு நிரலைத் தந்துவந்தது. வாடிக்கையாளர்களின் பைப்லைன் ஒவ்வொரு முறையும் அதை இணையத்திலிருந்து நேரே இறக்கி ஓட்டியது. கோட்கவ் பொதுவில் வெளியிட்டிருந்த டாக்கர் பிம்பத்தின் உள்ளடுக்கு ஒன்றில் ஒரு திறவுகோல் தங்கிப்போயிருந்தது. அதை எடுத்தவர்கள், 2021 ஜனவரி 31 தொடங்கி, அந்தச் சிறு நிரலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார்கள். ஓடும் கணினியின் சூழல்மாறிகள் அனைத்தையும் திரட்டித் தம் சேவையகத்துக்கு அனுப்பு என்பதே அந்த வரி. இரண்டு மாதங்கள் அது ஓடியது. ஏப்ரல் 1ஆம் நாள், இறக்கிய நிரலின் சரிபார்ப்பு எண்ணையும் வெளியிடப்பட்டிருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு வாடிக்கையாளர்தான் குட்டை உடைத்தார். பாடபேதம் பார்க்கும் பழக்கம் உள்ள ஒருவர் அங்கே இருந்தது உலகின் நற்பேறு.

சூழல்மாறிகளில் என்ன இருந்தன? பெட்டகத்திலிருந்து முறைப்படி கேட்டுப் பெற்ற கடவுச்சொற்களும் இருக்கும். நடைமுறையில் பலர் செய்வது இதுதான்: ஓட்டத்தின் தொடக்கத்திலேயே தேவைப்படக்கூடிய எல்லா இரகசியங்களையும் பெட்டகத்திலிருந்து எடுத்துச் சூழல்மாறிகளாகப் பரப்பிவிடுவது. அதன்பின் அந்த ஓட்டத்தில் நுழையும் எந்த நிரலும், அது சோதனைக் கருவியாயினும், இலக்கணப் பிழை திருத்தியாயினும், அவற்றைப் படிக்கலாம். கல்யாண வீட்டில் நகைகளைப் பெட்டகத்திலிருந்து எடுத்து முற்றத்துப் பாயில் பரப்பிவிட்டு, பெட்டகத்தின் பூட்டைப் பெருமையோடு காட்டுவது போன்றது இது. கையொப்பமிடும் அந்த ஒரு படிக்கு மட்டும், அந்த நொடியில் மட்டும், அந்த ஒரு திறவுகோலை எடுப்பது கூடுதலாகச் சில வரிகள் எழுதும் வேலை. அந்தச் சோம்பலின் விலை என்னவென்று கோட்கவ் காட்டியது.

பதிவேட்டின் வழியே கசிவது இன்னொரு வகை. பைப்லைன் தான் செய்வதையெல்லாம் 'லாக்' என்ற பதிவேட்டில் எழுதிக்கொண்டே போகும். அதில் கடவுச்சொல் தென்பட்டால் அதை உடுக்குறிகளால் மறைத்துவிடும் ஏற்பாடு உண்டு. ஆனால் அந்த ஏற்பாடு, தான் அறிந்த சொல் அறிந்த வடிவில் வந்தால்தான் மறைக்கும். எழுத்துகளை வேறு குறியீட்டுக்கு மாற்றி எழுதினால் விட்டுவிடும். 2025 மார்ச் 14ஆம் நாள் தெரியவந்த நிகழ்வு இதற்குச் சான்று. கிட்ஹப்பில் 23,000க்கு மேற்பட்ட சேமிப்புகள் பயன்படுத்திவந்த 'சேஞ்ச்டு ஃபைல்ஸ்' என்ற துணைக்கருவிக்குள் அயலார் புகுந்து, அதன் பழைய பதிப்புகளின் பெயர்களைக்கூடத் தம் நச்சு நிரலை நோக்கித் திருப்பிவிட்டார்கள். அது ஓடும் கணினியின் நினைவகத்தைத் துழாவி, கிடைத்த இரகசியங்களை இருமுறை குறியீடு மாற்றிப் பதிவேட்டில் எழுதியது. திறந்த மூலத் திட்டங்களின் பதிவேடுகள் எவரும் படிக்கக்கூடியவை. அகத்திணை மரபில் களவு வெளிப்படுவது தலைவியின் வாய்மொழியால் அன்று. நெகிழ்ந்த வளையும் பசந்த மேனியுமே ஊருக்குச் சொல்லிவிடும். வாயை மட்டும் பொத்தும் காவல் போதாது என்பதைச் சங்கச் செவிலி அறிந்திருந்தாள்.

அந்த நிகழ்வில் பெரும்பாலும் தப்பியவர்கள், துணைக்கருவியைப் பதிப்பின் பெயரால் அழைக்காமல் அதன் நாற்பது எழுத்து அடையாள எண்ணால் அழைத்தவர்கள். பெயரை வேறொருவர்மேல் சூட்டலாம். உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டெடுத்த எண்ணை அவ்வாறு மாற்ற இயலாது.

*

அப்படியானால் வழி என்ன? இரகசியத்தை இன்னும் இறுக்கிப் பூட்டுவது ஒரு வழி. இரகசியமே தேவையில்லாமல் செய்வது மற்றொரு வழி. நான் இரண்டாவதன் பக்கம்.

2021 முதல் கிட்ஹப்பின் பைப்லைனில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அது ஓர் அடையாளச் சீட்டுத் தருகிறது. எந்தச் சேமிப்பின் ஓட்டம், எந்தக் கிளையில், எந்தச் சூழலுக்காக என்ற விவரங்கள் அதில் இருக்கும். கிட்ஹப்பின் கையொப்பமும் இருக்கும். எந்திரம் அந்தச் சீட்டைப் பெட்டகத்திடமோ கிளவுட் சேவையிடமோ காட்டுகிறது. அது கையொப்பத்தைச் சரிபார்த்து, தன் விதிகளோடு ஒப்பிட்டு, குறுகிய காலமே செல்லும் ஓர் அனுமதியைத் தருகிறது. அமேசானில் அதன் இயல்பான ஆயுள் ஒரு மணி நேரம். கிட்லேப், சர்க்கிள்சிஐ ஆகியவற்றிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. வால்ட் இன்னொரு படி மேலே சென்று, கேட்ட நொடியில் தரவுத்தளத்தில் புதிய பயனர் ஒருவரை உண்டாக்கி, காலம் முடிந்ததும் அவரை அழித்துவிடவும் செய்யும். ஆணியில் தொங்கும் சாவி என்பதே இங்கில்லை. ஆளை அறிந்து கதவு திறக்கிறது, போனதும் பூட்டிக்கொள்கிறது. திருடன் நாளை வந்தால் அவன் கையிலிருப்பது நேற்றைய சீட்டு.

இதுவும் மந்திரமன்று. விதியை அகல எழுதினால் அடையாளச் சீட்டும் வெறும் காகிதமாகிவிடும். 'கிட்ஹப்பிலிருந்து வருபவர் எவராயினும்' என்று எழுதிவைத்தால் உலகிலுள்ள எந்தச் சேமிப்பும் உள்ளே வரலாம். 'இன்ன நிறுவனத்தின் இன்ன சேமிப்பின் முதன்மைக் கிளை, வெளியீட்டுச் சூழல்' என்று குறுக்கினால்தான் காவல். அயலார் திருத்தம் அனுப்பும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். வெளியாள் அனுப்பிய திருத்தத்தைச் சோதிக்கும் ஓட்டத்துக்கு இரகசியங்களைத் தராமலிருப்பதே கிட்ஹப்பின் இயல்பான ஏற்பாடு. 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' என்ற வகை ஓட்டத்துக்கோ வீட்டுக்காரரின் உரிமைகள் கிடைக்கும். அதில் வெளியாளின் நிரலை எடுத்து ஓட்டினால், யாரென்று தெரியாத ஒருவரை அழைத்துச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்ததாகும்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்தால் திருடனுக்கு வேலை எளிதாகாதா என்ற மறுப்பும் உண்டு. நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் சர்க்கிள்சிஐ நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருடைய மடிக்கணினியில் தீநிரல் புகுந்தது. இரட்டைச் சரிபார்ப்பைக் கடந்து அவர் உள்ளே நுழைந்திருந்த அமர்வையே திருடிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் சேமித்து வைத்திருந்த இரகசியங்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தும், ஓடிக்கொண்டிருந்த செயலியிலிருந்து மறையாக்கத் திறவுகோலையே எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரி 4ஆம் நாள், எல்லா வாடிக்கையாளர்களும் தம் இரகசியங்கள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த வாரம் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள், என்னென்ன இரகசியங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல்கூட இல்லாதவர்கள். கணக்கு வைத்திருந்தவர்களின் வேலை எளிதாயிற்று. நிலையான சாவி எதையும் அங்கே விட்டுவைக்காமல் அடையாளச் சீட்டால் வேலை செய்தவர்களுக்கு இழக்க அதிகம் இல்லை. ஓரிடத்தில் வைப்பதன் பயன் இதுதான்: போனது என்னவென்று தெரியும், போனதை உடனே செல்லாததாக்கலாம்.

*

கடைசியாக ஒன்று. இத்தகைய கசிவுகள் நேரும்போதெல்லாம் யாரேனும் ஓர் இளம் பொறியாளரின் பெயர் உள்ளுக்குள் முணுமுணுக்கப்படுகிறது. கடவுச்சொல்லை அவர்தான் நிரலில் எழுதினார், மடிக்கணினி அவருடையதுதான். சர்க்கிள்சிஐ தன் விளக்கத்தில், ஒருவருடைய கணினி வழியாக நேர்ந்தது என்றாலும் இது அமைப்பின் தோல்வியே என்று எழுதியதை நான் மதிக்கிறேன். நள்ளிரவுக்குள் வெளியீடு முடிய வேண்டும் என்று நெருக்கிவிட்டு, பெட்டகத்திடம் அனுமதி பெற மூன்று நாள் காத்திருக்கச் செய்யும் நிறுவனத்தில், கடவுச்சொல்லை நிரலில் எழுதுபவரை நிறுவனமே உண்டாக்குகிறது. சரியான வழி தவறான வழியைவிட எளிதாக இருக்கும்படி அமைப்பதே தலைமையின் கடமை. அடையாளச் சீட்டு முறையை நான் ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் நினைவில் வைக்கவோ, மறைக்கவோ, மாற்றவோ பொறியாளரிடம் ஒன்றும் கொடுக்கப்படுவதில்லை.

சிறிய குழுக்களுக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்ற பேச்சையும் நான் ஏற்பதற்கில்லை. அடையாளச் சீட்டுக்கும், துணைக்கருவியை எண்ணால் அழைப்பதற்கும், இரகசியத்தை ஒரு படிக்குள் அடக்குவதற்கும் பணம் வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும். சிறு குழுவின் கருவிகளைத்தான் பெரு நிறுவனங்கள் இறக்கி ஓட்டுகின்றன என்பதை 2025 மார்ச் நிகழ்வு காட்டிவிட்டது. இங்கே சிறியவர் வீட்டு வாசல் பெரியவர் வீட்டுக் கொல்லைப்புறமாக இருக்கிறது.

அந்த 5 கோடியே 70 லட்சம் பேரில் ஊபரில் பயணம் செய்தவர்கள் தம் விவரங்களைக் கொடுத்தது ஊர் போய்ச் சேர்வதற்காக. ஓர் அணுகுசாவி எந்த நிரலின் எந்த வரியில் எழுதப்பட்டிருந்தது என்று அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. ஒரு நிறுவனம் இனித் தன் பெட்டகத்தின் பெருமையைச் சொல்லும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: பெட்டகத்தைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது? எடுத்த இரகசியம் யார் யார் கண்ணில் படுகிறது? எத்தனை நாழிகையில் அது செத்துப்போகிறது? மூன்றுக்கும் விடை சொல்லத் தயங்கும் இடத்தில், பெட்டகம் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், சாவி ஆணியில்தான் தொங்குகிறது.